வரவு நோட்டு

ஆடி கடைசிச் செவ்வாய் எங்கள் கொடை.
தலைக்கட்டு வரி ஆயிரத்து ஐந்நூறு.
நூற்றுப் பதினோரு தலைக்கட்டில்
முப்பது திருப்பூரில் இருக்கிறது,
கேட்டால்தான் ஜிபேயில் வரும்.
பொருளாளர் நான்.
நான்கு வருடமாகக் கையைக் கடிக்கிறது.

குற்றாலத்தில் விடுதி நடத்தும் ஜெரோம் வந்தார்.
செருப்பைத் தூரத்திலேயே கழற்றினார்,
அது எல்லோருக்கும் பிடித்தது.
சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் நனைந்துவிட்டு
சாயங்காலம் என்ன பார்ப்பது என்று கேட்கிறார்களாம்.
"சனிக்கிழமை ஆறு மணிக்கு வச்சா நாற்பது பேர்,
தலைக்கு எண்ணூறு, பாதி உங்களுக்கு."

மாடனுக்குச் சனிக்கிழமை தெரியாது என்றார் ஆண்டிக்குட்டி.
"விடிய விடிய கொடை பாக்க பொம்பளைய
ஒதுங்க எங்க போவ?
அதாவது தெரியுமா அவனுக்கு?"
என்றாள் ஆவுடைத்தங்கம்.
கூட்டம் தரையைப் பார்த்தது.
பிறகு கொம்பையாவைப் பார்த்தது.

வல்லயம் பிடிப்பது அவர். மற்ற நாளில் லோடு ஆட்டோ.
மகள் நாகர்கோவிலில் நர்சிங், இரண்டாம் வருடம்.
"சாமி வார நேரத்த நானா வே குறிக்கேன்?"
வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்:
"ஆட்டம் வேணும்னா ஆடுதேன்.
ஆட்டம் என்னுது. வாரது அவன் இஷ்டம்."

இதைத் தீர்மானமாக எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
சனிக்கிழமை ஆட்டம் மட்டும்.
வேட்டைக்குப் போகிற பாதிராத்திரி விலைக்கு இல்லை.
சுடுகாட்டுப் பக்கம் கேமரா திரும்பாது.
இருபத்து மூன்று கையெழுத்து, ஆறு ரேகை.

முதல் சனி, வாடகை நாற்காலியில் நாற்பது பேர்.
ஒரு நாயனம், ஒரு தவில். பம்பைக்குப் பட்ஜெட் இல்லை.
சல்லடமும் குல்லாயும் கட்டி கொம்பையா ஆடினார்,
நன்றாகவே ஆடினார்,
ஏழு மணிக்குச் சுக்குக்காபி.
இரண்டாம் சனி மழை. பணத்தைத் திருப்பினோம்.

மூன்றாம் சனி
தவில்காரர் பழக்கத்தில் அடியை மாற்றிவிட்டார்.
வேட்டைக்கு விழுகிற அடி.
கொம்பையா நின்றார்.
எங்களுக்குத் தெரியும் அந்த நிற்பு.
உலகம்மாள் குலவை போட வாயருகே கையைக் கொண்டுபோய்
போடலாமா என்று என்னைப் பார்த்தாள்.
பொருளாளரிடம் கேட்கிற கேள்வியா அது?

அதற்குள் நாற்பது பேரும் கை தட்டினார்கள்.
நல்லவர்கள்தான்.
ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.
ஆனால் எங்கள் ஊரில் கை தட்டிச்
சாமியைக் கூப்பிட்டதும் இல்லை, அனுப்பியதும் இல்லை.
தூங்கிப்போய்த் தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் மாதிரி
கொம்பையா விழித்தார்.
திருநீறு கேட்டார்.
ஒருவர் கையிலும் இல்லை,
ஆட்டம்தானே என்று வந்திருந்தோம்.

நான்காம் சனியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.
கொம்பையாவும் சொல்லவில்லை.
செவ்வாய் ராத்திரி விளக்கெல்லாம் அணைத்து
கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தோம்.
சலங்கை சுடுகாட்டுப் பக்கம் ஓடிற்று.
ஓடியது ஆட்டமா, அவனா?
மறுநாள் ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை.

மூன்று சனி, நாற்பத்து எட்டாயிரம்.
கோயிலுக்கு மேற்கே ஒரு கழிப்பறை எழும்பிவிட்டது,
நீலக் கதவு, உள்ளே தாழ்ப்பாள்.
பக்கத்தில் இன்னொன்று
கூரை மட்டத்தில் நிற்கிறது.
அடுத்த வருடம் பம்பையும் வைத்துக்கொள்ளலாம் என்று
ஜெரோம் போன் செய்தார்.
கூட்டத்தில் வைக்கிறேன் என்றேன்.

வரவுப் பக்கத்தில் கைதட்டல் என்று ஒரு வரி எழுதி
தொகை போடாமல் விட்டிருக்கிறேன்.
செலவுப் பக்கத்துக்கு அதை மாற்றச் சொன்னால்
மாற்றத் தயார்.
யாராவது சொல்ல வேண்டும்.